நாடாவும் பாவும்: இணையச் செய்தியும் உழைப்போர் போராட்டமும்

(காஞ்சிபுரத்தில் நெசவாளரும் தொழிற்சாலைத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பு சான்ற நெசவாளப் பெருமக்களே! திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பகுதித் தொழிற்சாலைகளினின்று பணி முடித்து வந்திருக்கும் தோழர்களே! தங்கையரே! 

இணையமும் உழைப்போர் போராட்டமும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். இப்பொருளில் நம்மிடையே இருவேறு கருத்துகள் உலவுகின்றன. ‘இணையம் வந்துவிட்டது, இனிச் சங்கம் எதற்கு, கூட்டம் எதற்கு, ஊர்வலம் எதற்கு? கைப்பேசியில் விரல் பட்டால் போதும். நாடே எழுந்துவிடும்’ என்பது ஒரு சாரார் கருத்து. ‘இணையம் முதலாளியர் விரித்த வலை, அதனுள் கால் வைப்பவன் மீளான்’ என்பது மற்றொரு சாரார் கருத்து. முன்னது சோம்பலில் பிறந்தது. பின்னது அச்சத்தில் பிறந்தது. இரண்டையும் ஒதுக்கிவிட்டு, நடந்தவற்றைக் கொண்டே நாம் உண்மையைத் தேர்ந்து தெளிதல் வேண்டும்.

இதனை விளக்குதற்கு உங்கள் வீட்டுத் தறியே போதும். தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டப்பெறுவது பாவு. அதன் ஊடே குறுக்காக ஓடி இழையிடுவது நாடா. பாவு இல்லாத தறியில் நாடாவை எத்துணை விரைவாக ஓட்டினாலும் ஒரு சாண் துணியும் விளையாது. நாடா ஓடாத தறியில் பாவு எத்துணைச் செப்பமாக இருப்பினும் அது வெறும் நூலாகவே கிடக்கும். இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நாடாவை ஒருவர் ஓட்டலாம். பாவினை விடியற்காலையில் தெருவில் நீட்டிப் பிடித்துத் தோய்த்து எடுப்பதற்கோ பலர் கை வேண்டும். இணையம் நாடா போன்றது. உழைப்போர் ஒருவரையொருவர் நேரிற் கண்டு, பேசித் தெளிந்து கட்டும் அமைப்பே பாவு. இஃது என் முதற்கருத்து. நூலும் சரிகையும் யாருடையவை, நெய்து முடித்த சேலை யாரிடம் போய்ச் சேர்கிறது என்னும் வினாவை இணையத்திற்கும் எழுப்புதல் வேண்டும் என்பது இரண்டாம் கருத்து.

செய்தியைக் கொண்டு செல்லும் கருவி எதுவாயினும், அது தோன்றும்போது ஆள்வோர் கையிலும் செல்வர் கையிலுமே தோன்றுகிறது. பின்னர் உழைப்போர் அதனைத் தம் பக்கம் திருப்பிக்கொள்கின்றனர். அச்சுப்பொறியின் வரலாறு அதுவே. 1900-ஆம் ஆண்டில் இலெனினும் அவர்தம் தோழர்களும் ‘இசுக்ரா’ என்னும் இதழை அயல்நாட்டில் அச்சிட்டு உருசியாவுக்குள் மறைவாகக் கடத்தினர். ஓர் இதழ் கருத்தைப் பரப்புவதோடு நில்லாது; அதனை எழுதுவோர், எல்லை கடத்துவோர், தொழிற்சாலை வாயிலிற் கொடுப்போர், எழுத்தறியார்க்குப் படித்துக் காட்டுவோர் ஆகிய அனைவரையும் பிணைத்து ஓர் அமைப்பாகவே ஆக்கிவிடும் என்பது அவர் கண்ட உண்மை.

தமிழ்நாட்டிலும் அதுவே நடந்தது. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது திரு.வி.க.வின் நாவும் எழுதுகோலும் அதற்குத் துணைநின்றன. 1923-இல் சென்னைக் கடற்கரையில் மே நாளைக் கொண்டாடிய சிங்காரவேலர், ‘தொழிலாளன்’ என்னும் இதழையும் நடத்தினார். 1931-இல் பெரியாரின் ‘குடிஅரசு’, பொதுவுடைமைக் கட்சி அறிக்கையைத் தமிழில் வெளியிடத் தொடங்கியது. 1942-இல் இதே காஞ்சியினின்று அண்ணாவின் ‘திராவிட நாடு’ கிழமை இதழ் வெளிவந்தது. இத்தகைய இதழ்களைப் படிப்பகத்திலும் முடிதிருத்தகத்திலும் தேநீர்க் கடையிலும் ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர். படித்தவரும் கேட்டவரும் ஒருவர் முகத்தை ஒருவர் அறிந்திருந்தனர். அறிந்தமையால் நம்பினர், நம்பியமையால் சேர்ந்து நின்றனர்.

இங்கேதான் இணையம் வேறுபடுகிறது. தாளைச் சுமக்க ஆள் வேண்டும். சுமப்பதிலேயே தோழமை வளரும். இணையச் செய்தி தன்னைத்தானே சுமந்துகொள்கிறது. ஒரு நொடியில் ஓராயிரம் பேரை அடைகிறது. ஆனால் அவ்வாயிரவரும் ஒருவரையொருவர் அறியார். ஆகவே இதழ் தானே செய்துவந்த பிணைப்பு வேலையை, இணையக் காலத்தில் நாம் தனியே செய்தாக வேண்டியுள்ளது. விரைவு கிடைத்துவிட்டது என்று மகிழ்பவர், கூடவே எது குறைந்துபோயிற்று என்பதையும் கணக்கிடல் வேண்டும்.

1946 பிப்பிரவரி 18-ஆம் நாள் பம்பாயில், ‘தல்வார்’ என்னும் கடற்படைச் செய்திப் பயிற்சிக் கூடத்தில், கெட்ட உணவை எதிர்த்து மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் செய்தித்துறை மாலுமிகள். கம்பியில்லாச் செய்திக் கருவியைக் கையாளக் கற்றவர்கள். வெள்ளை அரசின் அக்கருவி வழியாகவே கராச்சி முதலான துறைமுகங்களுக்கும் நடுக்கடற் கப்பல்களுக்கும் செய்தி பறந்தது. சில நாள்களுள் 78 கப்பல்களில் கிளர்ச்சி பரவியது. 22-ஆம் நாள் பம்பாய் ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்திவிட்டு அவர்களுக்காகத் தெருவில் இறங்கினர். ஆயினும் அக்கிளர்ச்சியைத் தாங்கிப் பிடிக்க எப்பெருங்கட்சியும் முன்வரவில்லை. தலைவர்கள் சரணடையுமாறு அறிவுரை கூறினர். 23-ஆம் நாள் அது முடிந்துபோயிற்று. ஆறு நாளில் முடிந்தமைக்குக் கருவியின் குறை காரணமாகாது. தாங்கி நிற்கும் அமைப்பு இல்லாமையே காரணம்.

கெட்ட உணவிலிருந்து தொடங்கிய இன்னொரு போராட்டத்தை நீங்கள் உங்கள் கண்ணாற் கண்டீர்கள். நம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரம் அருகே, ஆப்பிள் நிறுவனத்திற்காகக் கைப்பேசி பூட்டித் தரும் தைவான் நாட்டுப் பாக்சுகான் நிறுவனத்தின் தொழிற்சாலை உள்ளது. அங்கு வேலை செய்வோரிற் பெரும்பாலோர் வெளியூர்களினின்று வந்து விடுதிகளில் தங்கும் இளம்பெண்கள். 2021 திசம்பரில் ஒரு விடுதியின் உணவால் நோயுற்று 150-க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையிற் சேர்க்கப்பெற்றனர். உடன் பணியாற்றியோர் எங்குள்ளனர், எந்நிலையில் உள்ளனர் என்பது மற்றப் பெண்களுக்குத் தெரியவில்லை. கைப்பேசிகளில் வினாக்கள் பறந்தன. சிலர் இறந்துபோயினர் என்னும் செய்தியும் பரவியது. திசம்பர் 17 இரவு தொடங்கி மறுநாள் வரை ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்துவிட்டனர்.

தொழிற்சாலை மூடப்பட்டது. விடுதிகள் சிலவும் உணவுக் கூடங்களும் தன் வரையறைக்கு ஒத்தனவாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, பாக்சுகானைக் கண்காணிப்பின்கீழ் வைத்தது. 2022 சனவரி 12-ஆம் நாள்தான் ஆலை மீண்டும் திறந்தது. உலகச் செல்வர்தம் சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசியைத் தம் விரலாற் பூட்டிய பெண்கள், தம் கையிலிருந்த எளிய கைப்பேசியைக் கொண்டே அந்நிறுவனத்தைப் பேச வைத்தனர். அதற்குமுன் அவர்களின் விடுதியறை எப்படியிருந்தது என்று கேட்டவர் எத்தனை பேர்?

இதில் நாம் கற்க வேண்டியவை இரண்டு. இணையம் தந்த விரைவு உண்மையானது. சிதறிய விடுதிகளில் இருந்தவர்களை ஓர் இரவில் ஒரு சாலைக்குக் கொண்டு வந்தது அதுவே. ஆனால் இறப்புச் செய்தி பொய். இறந்ததாகச் சொல்லப்பெற்றோர் உயிருடன் இருந்தனர். ‘பெண்கள் புரளியை நம்பினர்’ என்று அப்போது இகழ்ந்தோர் உளர். உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டியவர்கள் வாய்மூடி இருந்தால், புரளியே செய்தியாக நடமாடும். குற்றம் கேட்டவர் மேலா, மறைத்தவர் மேலா? அன்று அப்பெண்களுக்கென ஒரு சங்கம் இருந்திருப்பின், அதன் பேராளர் இருவர் மருத்துவமனைக்குச் சென்று பார்த்துவந்து உண்மையைச் சொல்லியிருப்பர். பொய் இறந்திருக்கும், போராட்டம் இறந்திராது. உணவு, உறைவிடம், கூலி ஆகிய மெய்யான குறைகளின்மேலேயே அது உறுதியாக நின்றிருக்கும்.

இதனோடு 2024-ஆம் ஆண்டுச் சாம்சங் தொழிலாளர் போராட்டத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். செப்தம்பர் 9-ஆம் நாள் தொடங்கி 37 நாள்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தலையாய கோரிக்கை, தங்கள் சங்கத்தை ஏற்க வேண்டும் என்பது. செப்தம்பர் 16-ஆம் நாள் இதே காஞ்சிபுரத்தில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் செல்லவிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைக் காவல்துறை பிடித்துவைத்தது. பந்தல் பிரிக்கப்பட்டது, தொழிலாளர் கைதாயினர். எனினும் அவர்கள் கலையவில்லை. சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் இருத்தல் கூடாது என்று நிறுவனம் தடை சொன்னது. வழக்கு உயர் வழக்குமன்றம் வரை சென்றது. 2025 சனவரியில் அச்சங்கம் பதிவுபெற்றது.

அப்போராட்டச் செய்தியும் இணையத்தில் உலகெங்கும் சென்றது. அதே ஆண்டு சூலையில் தென்கொரியாவிலும் சாம்சங் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்திருந்தனர். இரு நாட்டுத் தொழிலாளரும் ஒரே முதலாளியை எதிர்த்து நிற்பதை உலகம் ஒருங்கே கண்டது. செய்தியை இணையம் கொண்டு சென்றது. ஆனால் 37 நாள் கூலி இழந்து பந்தலில் அமர்ந்தவர்களை அமர வைத்தது இணையமா? அடுப்பெரியாத வீட்டில் மனைவிக்கும் தாய்க்கும் விடை சொல்லும் துணிவை அவர்க்குத் தந்தது இணையமா? பக்கத்தில் அமர்ந்திருந்த தோழனே தந்தான். 2021-இல் ஓர் இரவு எழுந்த அலையையும் 2024-இல் 37 நாள் நின்ற சுவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நாடாவுக்கும் பாவுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

அயல்நாட்டு நிகழ்ச்சி ஒன்றும் இதனையே காட்டுகிறது. எகிப்து நாட்டு மகல்லா நகரம் நம் காஞ்சியைப் போன்றே துணியால் வாழும் நகரம். அங்குள்ள ஆலைத் தொழிலாளர் 2006 திசம்பரில் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். 2008 ஏப்பிரல் 6-ஆம் நாள் மீண்டும் நிறுத்துவதென முடிவு செய்தபோது, அவர்களுக்குத் துணையாகப் படித்த இளைஞர் முகநூலில் ஒரு குழுவைத் தொடங்கினர். 2011-இல் எழுந்த கிளர்ச்சியை ‘முகநூற் புரட்சி’ என்று மேலை நாட்டு இதழ்கள் பெயரிட்டன. ஆனால் 2011 சனவரி இறுதியில் முபாரக்கின் அரசு நாடு முழுவதும் இணையத்தைத் துண்டித்துவிட்டது. கிளர்ச்சி அணைந்ததா? இல்லை, வளர்ந்தது. பிப்பிரவரியில் தொழிலாளர் வேலைநிறுத்தங்கள் நாடெங்கும் மூண்டன. 11-ஆம் நாள் முபாரக்கு பதவி துறந்தார். முகநூலுக்கு முன்பே மகல்லாவின் தறிகள் நின்றிருந்தன என்பதை அப்பெயரிட்டோர் சொல்லவில்லை.

இணையத்தைத் துண்டிப்பது எங்கோ நடப்பது என்று எண்ணாதீர்கள். 2018 மே 22-ஆம் நாள் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டையடுத்துத் தூத்துக்குடி, நெல்லை, குமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையம் நிறுத்தப்பெற்றது. 2021 சனவரியில் தில்லி எல்லையில் உழவர் கூடாரங்களிலும் அதுவே நடந்தது. அவ்வுழவர்கள் அதற்கு முந்தைய திங்களிலேயே ‘டிராலி டைம்சு’ என்று தமக்கென ஓர் அச்சிதழைத் தொடங்கியிருந்தனர். இணையம் நின்றபோதும் செய்தி நிற்கவில்லை. ஓராண்டுக்கும் மேல் அமர்ந்திருந்து 2021 நவம்பரில் மூன்று சட்டங்களையும் திரும்பப்பெற வைத்தனர்.

இனி என் இரண்டாம் கருத்துக்கு வருகிறேன். நம் நெசவாளரிற் பலர்க்குத் தறி சொந்தம். ஆயினும் பட்டு நூல் பெரும்பாலும் கருநாடகத்தினின்றும் சரிகை சூரத்தினின்றும் வருகின்றன. அவற்றை வாங்கும் முதல் நெசவாளரிடம் இல்லை. நூல் தருபவரும் முதலாளியே. சேலையை வாங்குபவரும் முதலாளியே. முன்பணம் தந்து கட்டிப்போடுபவரும் முதலாளியே. கருவி நம்முடையது, வரும் வழியும் போகும் வழியும் அவருடையவை. காந்தி சாலைக் கடையில் தாம் நெய்த சேலைக்கு என்ன விலை என்பது கூட நெய்தவர்க்குத் தெரியாமல் தலைமுறைகள் கழிந்தன. 2019-20-ஆம் ஆண்டின் நான்காம் அனைத்திந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் 35 இலக்கத்துக்கும் மேற்பட்டோர் கைத்தறித் தொழிலில் உள்ளனர். நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மாதம் 5,000 உருபாவுக்கும் குறைவாகவே ஈட்டுகின்றன.

செயலி வழி உணவு கொண்டுசெல்லும் இளைஞனைப் பாருங்கள். வண்டி அவனுடையது, கைப்பேசி அவனுடையது, எரிநெய்ச் செலவும் அவனுடையது. வேலை வரும் வழியும் பணம் வரும் வழியும் நிறுவனத்தினுடையவை. புதுமை என்று விளம்பரம் செய்கின்றனரே, அந்த ஏற்பாட்டைப் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் பல தலைமுறைகளாக அறிவர்! 2020 ஆகத்தில் சென்னையில் அவ்விளைஞர்கள் கூலிக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். 2023-இல் அத்தகைய தொழிலாளர்க்கென நலவாரியம் ஒன்றைத் தமிழ்நாட்டரசு அமைத்தது. அது தொடக்கமே. கூலியை அறுதியிடும் கணிப்பு நெறி இன்னும் நிறுவனத்தின் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

நம் மாவட்டத்து உத்தரமேரூரில், 10-ஆம் நூற்றாண்டில், முதற் பராந்தக சோழன் காலத்தில் குடவோலைத் தேர்வின் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தனர். அவ்வவை நிலமுடைய பார்ப்பனர் அவை. உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் அதில் இடமில்லை. அதனை மக்களாட்சி என்று கொண்டாட நான் வரவில்லை. ஆனால் விதி இன்னது என்பதாவது ஊரார் கண்முன் நின்றது. இன்று ஓர் உழைப்பாளியின் கூலியைக் குறைக்கும் விதி, வேலையினின்று அவனை நீக்கும் விதி, எச்சுவரில் எழுதப்பட்டுள்ளது? கேட்டால் ‘செயலி முடிவு செய்தது’ என்பர். செயலியை எழுதியவன் யார், எழுதச் சொன்னவன் யார் என்று நாம் கேட்டாக வேண்டும்.

சந்தையிலும் இதே நிலைதான். காஞ்சிப் பட்டுக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் சேலையும் அடங்கும். ஆயினும் விசைத்தறிச் சேலைகள் காஞ்சிப் பட்டு என்னும் பெயரால் இணையக் கடைகளில் விற்கப்படுகின்றன. அதே இணையத்தில், நம் பிள்ளைகள் சிலர் தறியினின்று இறக்கிய சேலையைப் படமெடுத்துப் புலனத்தில் அனுப்பி நேரே விற்கின்றனர். ஒரே வலை, ஒருவர்க்குக் கண்ணி, ஒருவர்க்கு ஏணி. வேறுபாடு எங்கிருந்து வருகிறது? உடைமையிலிருந்தும் ஒற்றுமையிலிருந்தும் வருகிறது. தனியொருவன் விற்கும் சேலை அவன் வீட்டுக் கடனைக் குறைக்கலாம். ஊரின் கூலியை உயர்த்தாது.

உழைப்போர் கையில் செய்திக் கருவி சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிலி நாடு ஓர் எடுத்துக்காட்டு. அலெண்டேயின் சமதர்ம அரசு, 1971 முதல், நாட்டுடைமையான தொழிற்சாலைகளைத் தொலைஅச்சுக் கருவிகளால் இணைத்தது. 1972 அக்தோபரில் சரக்குந்து உடைமையாளர்கள் அரசைக் கவிழ்க்க வண்டிகளை நிறுத்தினர். எவ்வூரில் என்ன பொருள் உள்ளது, எச்சாலை திறந்துள்ளது என்பதை அக்கருவிகள் வழி அறிந்து, கிடைத்த சில வண்டிகளைக் கொண்டே உணவும் எரிபொருளும் செல்ல வழி செய்தனர். முதலாளியர் சூழ்ச்சி அன்று தோற்றது. ஆனால் 1973 செப்தம்பர் 11-ஆம் நாள் படைத்துறை வன்முறையால் அவ்வரசு வீழ்த்தப்பட்டது. அவ்விணைப்பும் அத்தோடு அழிந்தது. கருவி வழி காட்டும், துப்பாக்கியைத் தடுக்காது. அரசும் ஆற்றலும் யார் கையில் என்னும் வினாவை எக்கருவியும் தீர்த்து வைப்பதில்லை.

அவ்வாறாயின் இன்று நாம் செய்ய வேண்டுவன யாவை?

முதலாவது, கூலியை வெளிப்படையாக்குங்கள். ஒரே வேலைப்பாடுள்ள சேலைக்கு ஒரு தெருவில் ஒரு கூலியும் மறுதெருவில் வேறொரு கூலியும் தரப்படுவது, நாம் ஒருவர்க்கொருவர் சொல்லாததால்தான். புலனக் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு மாற்றாக, இன்ன வேலைப்பாடு, இன்ன எடை, இன்ன கூலி, கடையில் இன்ன விலை என்னும் கணக்கைப் போடுங்கள். சேலை விலைக்கும் கூலிக்கும் உள்ள இடைவெளியைத் தன் கண்ணாற் கண்ட நெசவாளிக்கு மிகைமதிப்பு என்பதை விளக்கத் தனி வகுப்பு வேண்டா.

இரண்டாவது, உறுப்பினர் ஏட்டைத் தாளில் வையுங்கள். கிழமைக்கு ஒருமுறை நேரிற் கூடுங்கள். குழுவில் இருக்கும் ஐந்நூறு எண்களைக் காட்டிலும் கூட்டத்திற்கு வரும் ஐம்பது முகங்கள் மேல். மேலும், அக்குழுவில் முதலாளியின் ஆளும் ஒருவன் இருப்பான் என்பதை மறவாதீர்கள். போராட்ட முடிவுகளை அங்கே எழுதாதீர்கள்.

மூன்றாவது, ஆராயாத செய்தியை அனுப்பாதீர்கள். இருவர் நேரிற் கண்டு உறுதி செய்யும் முன் எச்செய்தியும் சங்கத்தின் பெயரால் செல்லல் ஆகாது. நம் பொய் ஒன்று, எதிரியின் நூறு பொய்களுக்கு உரமாகும்.

நான்காவது, இணையம் நின்றுபோகும் நாளுக்கு இன்றே ஆயத்தமாகுங்கள். எத்தெருவுக்கு யார், எவ்விடுதிக்கு யார், எப்படி ஆலைக்கு யார் என்று செய்தி கொண்டு செல்வோரை முன்னரே வகுத்து வையுங்கள்.

ஐந்தாவது, வழியை உடைமையாக்குங்கள். 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்சும் காஞ்சியின் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களும், நூலும் சந்தையும் முதலாளி கையில் மட்டும் இருத்தல் கூடாது என்னும் எண்ணத்தின் வெளிப்பாடுகள். அவற்றிற் குறைகள் உள்ளன. அவை திருத்தப்படல் வேண்டும். இணைய விற்பனைக்கும் அத்தகைய கூட்டுறவே வேண்டும். சேலை நெய்தவர் தேர்ந்தெடுத்த குழு விலை வைக்க, கணக்கு அனைவர்க்கும் தமிழில் தெரிய, ஈட்டம் நெய்தவர்க்கே திரும்ப வேண்டும். அதற்கு அரசு துணை நிற்குமாறு போராடுவதும் வகுப்புப் போராட்டத்தின் ஒரு கூறே.

தோழர்களே! காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வையில் உள்ளது. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரு நாடா என மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. உடலும் கரையும் வேறு வேறு நிறம். எனினும் இழையோடு இழை பின்னிக் கோத்துவிட்டால், சேலை நைந்தாலும் கரை பிரியாது. தறியில் இருப்பவரும், ஆலையில் கைப்பேசி பூட்டும் தங்கையும், தெருவில் வண்டி ஓட்டும் தம்பியும் வேறு வேறு நிறத்தினரே. அவர்களைக் கோக்கும் வேலை இன்னும் நடக்கவில்லை. சாம்சங் தோழர் பந்தலில் இருந்தபோது நெசவாளர் எத்தனை பேர் சென்றோம்? நெசவாளர் கூலி கேட்டு நிற்கும்போது ஆலைத் தோழர் எத்தனை பேர் வருகின்றனர்? இவ்வினாக்களுக்கு இணையம் விடை சொல்லாது. நம் கால்களே விடை சொல்ல வேண்டும்.

இக்கூட்டம் முடிந்ததும் உடனே எழுந்து போய்விடாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் பெயரையும் தெருவையும் தொழிலையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசி எண்ணை அதன்பின் வாங்கிக்கொள்ளலாம்.

உழைப்போர் ஒன்றுபடுக! நெய்தவர்க்கே நெசவின் பயன் சேர்க!